ஒற்றைப் பாதை, ஒற்றைத் தேதி

திட்டப் பணிகளின் ஆய்வுக் கூட்டங்களில் ஒரு நம்பிக்கை யாரும் கேள்வி கேட்காமலே சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. வேலைகளையெல்லாம் பட்டியலிட்டு, எது முடிந்தால் எது தொடங்கலாம் என்று முடிச்சுப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்குக் கொடுத்துவிட்டால், தொடக்கத்திலிருந்து முடிவுவரை போகும் வழிகளில் மிக நீளமானது எது என்று கணினி சொல்லிவிடும். அதுதான் கிரிட்டிக்கல் பாத். அதன் நீளமே திட்டத்தின் காலம். அதில் ஒரு நாள் தவறினால் முடிவும் ஒரு நாள் தள்ளிப்போகும். அதில் சேராத வேலைகளுக்கு ஃப்ளோட் என்ற சலுகை நாட்கள் உண்டு என்பதால் அவை கொஞ்சம் தாமதித்தாலும் பாதகமில்லை. எனவே மேலதிகாரி அந்தப் பாதையின் சிவப்புப் பட்டைகளைக் கவனித்தால் போதும், பச்சைப் பட்டைகள் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். பொறியியல் வகுப்புகளில் இப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். டெண்டர் ஆவணங்கள் இதைத்தான் கேட்கின்றன. பிரைமவேரா என்ற அட்டவணை மென்பொருளின் திரையும் இப்படித்தான் நிறம் பிரித்துக் காட்டுகிறது. இதில் பாதி சரி. எது எதற்காகக் காத்திருக்கிறது என்று முடிச்சுகளைக் காட்டும் பாதி அது. தேதி சொல்லும் பாதி தவறு. முன்னும் பின்னுமாகச் சில நாள் பிசகினால் பொறுத்துக்கொள்ளலாம். இந்தத் தவறு எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது. கிரிட்டிக்கல் பாத் தரும் தேதி, வேலை உண்மையில் முடியக்கூடிய தேதிக்கு முந்தியே நிற்கும். கவனத்தையெல்லாம் அந்த ஒரே பாதையில் கொட்டும் பழக்கம் இடைவெளியை இன்னும் அகலமாக்குகிறது.

இந்த முறை எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1956-57ல் அமெரிக்காவின் டூபாண்ட் ரசாயன நிறுவனத்தைச் சேர்ந்த மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் கணினி நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். அவர்கள் தீர்க்க முயன்றது செலவுக் கணக்கை. ஒவ்வொரு வேலைக்கும் சாதாரண வேகத்தில் இத்தனை நாள், இத்தனை டாலர். விரட்டிச் செய்தால் இத்தனை நாள், இத்தனை டாலர் என்று இரண்டு கணக்கு வைத்துக்கொண்டார்கள். மொத்தக் காலத்தைச் சுருக்க வேண்டுமானால் எந்த வேலையில் கூடுதல் பணம் போட்டால் மிகக் குறைவாகச் செலவாகும் என்று கேட்டார்கள். எல்லா வேலைகளுக்கும் ஓவர்டைம் கொடுத்து விரட்டுவது காசைக் கரியாக்குவது என்பதே அவர்களது கணக்கின் சாரம். அது இன்றும் சரி. டூபாண்டின் லூயிவில் ஆலையில் பராமரிப்புக்காக உற்பத்தியை நிறுத்தும் நேரம் சராசரி 125 மணியிலிருந்து 93 மணியாகக் குறைந்தது. இந்த வெற்றியைப் புகழ்பவர்கள் அது எத்தகைய வேலை என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். திரும்பத் திரும்பச் செய்து பழகிய பராமரிப்பு. எந்த வால்வைக் கழற்ற எவ்வளவு நேரமாகும் என்று ஃபிட்டர்களுக்கே மனப்பாடம். எல்லோரும் ஒரே வேலிக்குள், ஒரே முதலாளியிடம். நாள் கணக்கு ஏறக்குறைய நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் மிக நீளமான பாதையின் நீளம்தான் மொத்தக் காலம் என்பது உண்மையே. அந்த நிச்சயம் இல்லாத இடங்களுக்கு முறையை ஏற்றுமதி செய்தபோது, அந்த நிபந்தனை மட்டும் வழியில் விழுந்துவிட்டது.

இதற்கு எதிராக உடனே வரும் பதில், நிச்சயமின்மையைச் சமாளிக்கத்தான் பெர்ட் வந்தது என்பது. அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958ல் பூஸ் ஆலன் ஹாமில்டன், லாக்ஹீட் நிறுவனங்களோடு சேர்ந்து அதை உருவாக்கியது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரே எண்ணுக்குப் பதிலாக மூன்று: எல்லாம் கூடிவந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை, எல்லாம் கெட்டுப்போனால் எத்தனை. 1960 ஜூலை 20 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் நீர்மூழ்கிக் கப்பல் கடலுக்கடியிலிருந்து போலாரிஸை ஏவியபோது பெர்ட்டின் புகழும் கூடவே மேலே போனது. சாதனை உண்மை. அதன் காரணமாகச் சொல்லப்படும் கதைதான் ஆட்டம் காண்கிறது. போலாரிஸ் திட்டத்தை விரிவாக ஆராய்ந்து ஹார்வி சபோல்ஸ்கி 1972ல் வெளியிட்ட நூல், தொழில்நுட்பப் பிரிவுகள் இந்தக் கருவியைச் சொல்லப்பட்ட அளவுக்குச் சார்ந்திருக்கவில்லை என்று காட்டியது. நவீன நிர்வாகம் இங்கே நடக்கிறது என்று வாஷிங்டனை நம்பவைத்து, வெளியார் தலையீட்டைத் தடுக்கும் கேடயமாகத்தான் பெர்ட் அதிகம் பயன்பட்டது. திட்டத்தின் தலைவர் அட்மிரல் ராபர்ன் அந்தக் கேடயத்தைத் திறமையாகப் பிடித்தார். 1962ல் பாதுகாப்புத் துறையும் நாசாவும் சேர்ந்து பெர்ட் அடிப்படையிலான வழிகாட்டியை வெளியிட்டு, அதை ஒப்பந்ததாரர்கள் பக்கம் திருப்பின. வெற்றிக்குப் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டவரை வெற்றியின் காரணகர்த்தா என்று நினைப்பது நிர்வாக உலகில் புதிதல்ல.

ஆனால் வரலாறு எப்படியிருந்தாலும், மூன்று எண் கேட்பதால் கணக்கு சரியாகிவிடுகிறதா? இல்லை. பெர்ட் மூன்று எண்களையும் சேர்த்து ஒரு சராசரி எடுக்கிறது. பிறகு பழையபடி சராசரியில் மிக நீளமான பாதையை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடுகிறது. பிழை அங்கேதான். இரண்டு வழிகள் ஒரு முனையில் சேர்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று நிலையக் கட்டடம், மற்றொன்று சிக்னல் வேலை. முதலாவது 80 நாளில் முடியலாம், அல்லது 120 நாள் ஆகலாம், இரண்டுக்கும் சம வாய்ப்பு, சராசரி 100. இரண்டாவது 75 அல்லது 115, சராசரி 95. கிரிட்டிக்கல் பாத் கணக்கில் திட்டக் காலம் 100 நாள், சிக்னல் வேலைக்கு 5 நாள் ஃப்ளோட், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். இப்போது நான்கு சாத்தியங்களையும் எடுத்துப் பாருங்கள். கட்டடம் 120 நாள் இழுத்தால், சிக்னல் எப்படிப் போனாலும் 120தான், அப்படி இரண்டு. கட்டடம் 80ல் முடிந்து சிக்னல் 115 இழுத்தால் 115. இரண்டும் சீக்கிரம் முடிந்தால் மட்டுமே 80. நான்கின் சராசரி 109 நாளுக்குக் கால் நாள் குறைவு. கவலை வேண்டாம் என்று தள்ளிவைத்த வேலை திட்டத்தை ஏறக்குறைய 9 நாள் தள்ளிவிட்டது. கொடுத்த எண்களில் ஒரு பிழையும் இல்லை, யாரும் சோம்பவில்லை, மழை பெய்யவில்லை. சராசரியாக 100 நாள் எடுக்கும் வழிகள் இதே ஏற்ற இறக்கத்தோடு நான்கு சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்: நான்கும் சீக்கிரம் முடிய பதினாறில் ஒரு வாய்ப்புத்தான், எதிர்பார்க்க வேண்டிய காலம் 117.5 நாள். திரையில் அப்போதும் 100 என்றுதான் இருக்கும்.

இது யாரும் அறியாத ரகசியமும் இல்லை. பெர்ட்டை அறிமுகப்படுத்திய 1959ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரான சார்லஸ் கிளார்க்கே, 1961ல் பல நிச்சயமற்ற எண்களில் மிகப் பெரியது எவ்வளவாக இருக்கும் என்ற கணக்கைத் தனிக் கட்டுரையாக எழுதினார். 1962ல் ஃபுல்கர்சன், 1963ல் வான் ஸ்லைக், 1964ல் மக்கிரிமன், ரயாவெக் என்று அடுத்தடுத்து ஆய்வாளர்கள் அதே இடத்தைத் தொட்டார்கள். முறை பிறந்து ஏழெட்டு ஆண்டுகளுக்குள் அதன் தேதி முந்தி நிற்கும் என்பது அச்சில் வந்துவிட்டது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் வகுப்பறைக் கரும்பலகையில் மிக நீளமான பாதையைச் சிவப்பில் வரைந்து அடிக்கோடிட்டு ‘திட்டக் காலம்’ என்று எழுதுகிறோம் என்றால், குறை கணிதத்தில் இல்லை.

வழிகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது நியாயமா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நவம்பர் மழை கட்டடத்தையும் சிக்னலையும் சேர்த்துத்தான் நனைக்கும். இரண்டும் ஒன்றாகத் தாமதித்தால் முனையில் சேரும் இழப்பு குறையும் அல்லவா? குறையும். ஆனால் மேலே சொன்ன சாய்வு எந்த அளவுக்குக் குறைகிறதோ அந்த அளவுக்கு எல்லாமே ஒரேயடியாகக் கெடும் அபாயம் கூடுகிறது. ஒரு வழியில் இழந்ததை இன்னொரு வழியில் ஆளைத் திருப்பிவிட்டு மீட்கவும் முடியாது, ஏனென்றால் அங்கேயும் அதே மழை. தவிர, தளத்தில் நடப்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் மழைபோன்ற பொதுக் காரணங்கள் ஒரு பங்குதான். ஒரு மாடித் தளம் போட வேண்டும். சென்ட்ரிங் அடித்து முட்டு கொடுத்திருக்க வேண்டும், கம்பி கட்டி முடிந்திருக்க வேண்டும், எலக்ட்ரீஷியன் பைப் பதித்திருக்க வேண்டும், ரெடிமிக்ஸ் லாரிக்குச் சொல்லியிருக்க வேண்டும், பம்ப் வந்திருக்க வேண்டும், இன்ஜினீயர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஆறுக்கும் ஆறு வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு காரணங்கள். சொன்ன நாளில் தயாராக இருக்க ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒன்பது வாய்ப்பு என்று தாராளமாகவே கொடுப்போம். ஆறும் சேர்ந்து தயாராக இருக்கும் வாய்ப்பு பாதியைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். பைப் பதிக்கும் வேலை எந்தத் திட்டத் தாளிலும் சிவப்பாக இருக்காது. அரைநாள் வேலை, வாரக்கணக்கில் ஃப்ளோட். ஆனால் பைப் பதிக்காமல் கான்கிரீட் கொட்ட முடியாது.

சீக்கிரம் முடிந்த வேலை தாமதித்த வேலையை ஈடுகட்டும் என்ற எண்ணமும் இதே தளத்தில் உடைகிறது. சென்ட்ரிங் மூன்று நாள் முந்தி முடிந்தால் கம்பி கட்டுகிறவர்கள் மூன்று நாள் முந்தி வருவார்களா? மேஸ்திரி அவர்களை வேறு சைட்டில் இறக்கியிருப்பார். தாமதம் மட்டும் அடுத்தவர் கைக்கு அப்படியே போய்ச் சேர்கிறது, மிச்சம் பிடித்த நாள் நடுவழியில் கரைந்துவிடுகிறது. அடிப்படைக் கணக்கோ, ஆள், கிரேன், ஷட்டரிங் எல்லாம் கேட்டவுடன் கிடைக்கும் என்ற அனுமானத்தில் ஓடுகிறது. இரண்டு வேலைகளுக்கும் தாளில் தாராளமாக ஃப்ளோட் இருக்கலாம். தூக்க ஒரே கிரேன்தான் என்றால் ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது, அந்த வரிசை முடிச்சுகளில் எங்கும் எழுதப்படவில்லை. ஆள்பலம், கருவி வரம்புகளைச் சேர்த்தால் பழைய அர்த்தத்தில் கிரிட்டிக்கல் பாத்தும் ஃப்ளோட்டும் நிற்காது என்பதை ஜெரோம் வீஸ்ட் 1964லேயே விளக்கினார். வரம்புகளோடு மிகச் சிறந்த அட்டவணையைக் கண்டுபிடிப்பது கணினிக்கே மிகக் கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தது என்பது 1983ல் நிறுவப்பட்டது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போகும் மாதத்தில் தமிழ்நாட்டுத் தளம் ஒன்றின் எந்தப் பாதை கிரிட்டிக்கல் என்பதை முடிச்சுகள் தீர்மானிப்பதில்லை, ரயில் டிக்கெட் தீர்மானிக்கிறது.

மாதம் ஒருமுறை அட்டவணையைப் புதுப்பித்தால் இதெல்லாம் சரியாகிவிடும் என்பது அடுத்த சமாதானம். புதுப்பித்தல் தேவைதான். ஆனால் அது சொல்வது நடந்து முடிந்ததை. சென்ற மாதம் பச்சையாக இருந்த பட்டை இந்த மாதம் சிவப்பாகிறது; எல்லாக் கண்களும் அங்கே திரும்புகின்றன; திரும்பிய நேரத்தில் வேறொன்று கவனிப்பாரற்றுப் பின்தங்குகிறது. புதிய கணக்கும் மீதமுள்ள வேலைக்கு அதே சாய்ந்த தராசில்தான் நிறுக்கிறது என்பதால், ஒவ்வொரு புதுப்பித்தலிலும் முடிவுத் தேதி கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு தனிக் காரணமும் கிடைக்கிறது. காரணங்கள் உண்மையானவை. அவை நேரும் என்று எதிர்பார்க்காத முறையைத்தான் குறை சொல்ல வேண்டும்.

ஒப்பந்தச் சட்டத்தின் பக்கமிருந்து வரும் வாதம் இதைவிட வலுவானது. தாமதத்துக்கு யார் பொறுப்பு, கூடுதல் காலம் கொடுக்க வேண்டுமா, அபராதம் பிடிக்கலாமா என்று முடிவு செய்ய நடுவர் மன்றங்களுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். கிரிட்டிக்கல் பாத்தைவிட நல்ல அளவுகோல் எது? நடந்து முடிந்த திட்டத்தில், எந்தத் தாமதம் முடிவைத் தள்ளியது என்று பின்னோக்கித் தேட அது பயன்படும் என்பதில் சண்டையில்லை. அங்கே நாள் கணக்கு தெரிந்த எண், எனவே கணக்கும் செல்லும். சிக்கல், வழக்குக்குத் தேவையான ஆவணமும் வேலைக்குத் தேவையான ஆவணமும் ஒன்றாகவே இருப்பதில். பிரிட்டனின் கட்டுமானச் சட்டச் சங்கம் 2002ல் வெளியிட்டு 2017ல் திருத்திய வழிகாட்டு நெறியின்படி, ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை ஃப்ளோட் திட்டத்துக்குச் சொந்தம். அதாவது முதலில் எடுத்துக்கொள்பவருக்குச் சொந்தம். இது தெரிந்த ஒப்பந்ததாரர் ஃப்ளோட்டைக் கண்ணில் படும்படி விட்டுவைப்பாரா? பத்து நாள் வேலைக்குப் பதினெட்டு நாள் எழுதுகிறார், தேவையில்லாத முடிச்சு ஒன்றிரண்டைப் போட்டு வைக்கிறார், எல்லாப் பாதையையும் கிட்டத்தட்ட ஒரே நீளமாக்குகிறார். தளத்தில் தடைகளைப் பதியும் ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டரும் அலுவலகத்தில் பிரைமவேரா கோப்பும் நாளைய வழக்குக்கான சாட்சிகளாக வளர்கின்றன. தளப் பொறியாளரோ வேலையை நடத்தத் தனியாக ஒரு தாளில், தன் கையெழுத்தில், வேறொரு பட்டியல் வைத்திருப்பார்.

மான்டி கார்லோ முறை, அதாவது கணினியில் திட்டத்தை ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பார்த்து எந்தத் தேதிக்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் முறை, கையில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பாதைகள் சேரும் இடத்து இழப்பை அது ஒளிக்காமல் காட்டுகிறது, வான் ஸ்லைக் காலத்திலிருந்து அறுபது ஆண்டுகளாகக் காட்டுகிறது. அதை ஏற்பவர், ஒற்றைப் பாதையும் ஒற்றைத் தேதியும் போதும் என்ற நம்பிக்கையை ஏற்கெனவே கைவிட்டவர். அவரோடு எனக்கு வழக்கில்லை. நிர்வாகச் சிந்தனையாளர் எலியாஹு கோல்ட்ராட் 1997ல் முன்வைத்த கிரிட்டிக்கல் செயின் முறை ஆள், கருவிப் பற்றாக்குறையைக் கணக்கில் எடுத்து, ஒவ்வொரு வேலையிலும் ஒளித்துவைத்த நாட்களைப் பிடுங்கி, கிளைகள் சேரும் இடத்திலும் கடைசியிலும் பொதுக் கையிருப்பாக வைக்கிறது. ஒரு படி முன்னேற்றம்தான். ஆனால் அதுவும் ஒரே சங்கிலியைத் தேர்ந்து அதன்மேல் கண் வைக்கச் சொல்கிறது.

பாதைகள் சேரும் இடத்து இழப்பு எங்கே மிகக் கடுமையாகக் கடிக்கும் என்பதைப் பெரிய திட்டங்களின் கடைசி மாதங்கள் காட்டுகின்றன, ஏனென்றால் எல்லா வழிகளும் வந்து சேரும் முனை அங்கேதான். பெர்லினின் புதிய விமான நிலையத்துக்கு 2012 ஜூன் 3 திறப்பு நாள். மே 8 அன்று, நான்கு வாரம்கூட இல்லாத நிலையில், திறப்பு ரத்தானது. புகை வெளியேற்றும் அமைப்பு உட்பட தீத்தடுப்பு ஏற்பாடுகள் தேறவில்லை. கட்டடம் நின்றது, ஓடுபாதை இருந்தது. நிலையம் திறந்தது 2020 அக்டோபர் 31ல். தீத்தடுப்பு என்பது கதவு, மின்சாரம், காற்றோட்டக் குழாய், சென்சார், மென்பொருள், ஆய்வாளரின் ஒப்புதல் என்று எல்லாத் துறைகளும் ஒரே நேரத்தில் சரியாக இருந்தால் மட்டுமே தேறும் வேலை. அதை நீளமான ஒரு பட்டையாக வரைந்து காட்ட முடியாது. சென்னையில் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்டும் 5 கிலோமீட்டர் வேலை 2008ல் தொடங்கியது. ஆதம்பாக்கம் பக்கம் அரை கிலோமீட்டர் நிலம் வழக்கில் சிக்கியதால் மற்ற தூண்கள் எழும்பி நிற்க, பாதை ஆண்டுக்கணக்கில் இணையாமல் கிடந்தது. அந்த நிலம் எந்த அட்டவணையிலும் ‘நிலம் கையகப்படுத்தல், இத்தனை நாள்’ என்று ஒரு கட்டத்துக்குள் ஓர் எண்ணாகத்தான் இருக்க முடியும். வழக்கின் நீளத்தை நாளாக எழுதியவுடன், தெரியாத ஒன்று தெரிந்ததுபோல் மாறிவிடுகிறது. கணினி அதை மற்ற எண்களோடு சமமாகக் கூட்டித் தருகிறது.

அப்படியானால் முடிச்சுகளைப் பிய்த்தெறிய வேண்டுமா? வேண்டாம். எது எதற்காகக் காத்திருக்கிறது என்ற வலைப்படம் இந்த முறையின் அசல் சொத்து. அதை வைத்துக்கொண்டு கேள்வியை மாற்றலாம். சிவப்புப் பட்டை எது என்பதைவிட, நான்குக்கு மேற்பட்ட வழிகள் சேரும் முனைகள் எவை, அவற்றுக்கு முன்னால் எத்தனை நாள் கையிருப்பு என்பது பயனுள்ள கேள்வி. அமெரிக்காவில் கிளென் பாலர்டும் கிரெக் ஹாவெலும் 1990களில் கட்டுமானத் தளங்களில் ஓர் எளிய அளவை எடுத்தார்கள்: வாரத் தொடக்கத்தில் முடிப்பதாக ஒப்புக்கொண்ட வேலைகளில் வார இறுதியில் எத்தனை முடிந்திருந்தன? ஏறத்தாழ பாதிதான். அவர்கள் காட்டிய வழி, தொடங்கத் தேவையான அனைத்தும் கைக்கு வந்துவிட்ட வேலையை மட்டுமே அடுத்த வாரத்துக்கு ஒப்புக்கொள்வது. முடியாமல் போனதற்குக் காரணத்தை எழுதிவைப்பது. பைப் பதிக்கும் எலக்ட்ரீஷியன் அந்தப் பட்டியலில் முதல் வாரமே கண்ணில் படுவார்.

அமைச்சருக்கும் வங்கிக்கும் ஒரே தேதிதானே வேண்டும் என்பது கடைசியாக எஞ்சும் கேள்வி. கொடுக்கலாம்: பத்தில் எட்டு வாய்ப்பு உள்ள தேதி இது என்று சொல்லிக் கொடுக்கலாம். அது கிரிட்டிக்கல் பாத் தேதியைவிடத் தள்ளியிருக்கும், பெரிய திட்டமானால் மாதக்கணக்கில். அந்தத் தேதியை நேர்மையாக எழுதும் ஒப்பந்ததாரர், குறைந்த நாள் காட்டியவரிடம் டெண்டரில் தோற்பார் என்பதும் உண்மை. அதனால் மாற வேண்டிய முதல் இடம் டெண்டர் படிவம். வேலை கொடுப்பவரே நியாயமான கால வரம்பைக் கணக்கிட்டு எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுத்துவிட்டு, அதற்குள் யார் எவ்வளவு விலைக்கு, எத்தனை கிரேனோடும் எத்தனை ஆளோடும் செய்வார்கள் என்று மட்டும் கேட்டால், நாளைக் குறைத்து எழுதுவதில் யாருக்கும் லாபம் இருக்காது.